பதினேழாம் எண் சீட்டு

அத்தியாயம் 5

"மோந்து பார்," என்றார் வீரராகவன்.

நாகேந்திரன் சீட்டை மூக்கருகே கொண்டுபோனான். மல்லிகை.

"அடுத்தது."

அதுவும் மல்லிகை.

மேஜையில் பன்னிரண்டு சீட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண், எண்ணுக்குக் கீழே எண்ணெய்ப் பொட்டு போல ஒரு கறை. துப்பறிவாளர் வீரராகவனுக்கு வாசனை தெரியாது. இருபது வருஷப் போலீஸ் உத்தியோகத்தில் பழகிய மூக்குப்பொடி அதைத் தின்றுவிட்டது. அம்பத்தூர் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன ஆபீசில் மோப்பம் பிடிக்கிற வேலை எப்போதும் உதவியாளன் நாகேந்திரனுடையது.

ஒன்பதாவதாகக் கைக்கு வந்த சீட்டில் 17 என்று இருந்தது.

அதை மோந்து பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எட்டு மைல் நடந்தவன் அவன்தான்.

"என்ன, தூங்கிட்டியா?"

"இல்ல சார். இதுவும் மல்லிதான். இன்னும் மூணு மோந்தா எனக்குக் கல்யாணம் ஆயிடும்."

எதிர் நாற்காலியில் இருந்த எத்திராஜ் சிரிக்கவில்லை. முத்தாபுதுப்பேட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஆறு வருஷமாகக் கோடை விடுமுறைக்கு ஊர் ஜனங்களை ஏலகிரி மலைக்கு நடத்திக் கூட்டிப்போய் மூன்று நாள் தங்கவைத்துத் திரும்ப அழைத்துவருகிறார். ஏழாவது பயணம் இன்று தொடங்குகிறது. ஆனால் மனிதர் இரவு முழுக்கத் தூங்காதவர் போல இருந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் வீரராகவன்.

"மூணு அணி சார். முதல் அணி செங்குத்துப் பாதையில மூட்டையோட ஏறும். இன்னைக்கே போய்க் கூடாரம் போட்டு, தண்ணி சேத்து, அடுப்பு மூட்டி வைக்கணும். ரெண்டாவது அணி நாளைக்கு நடுப்பாதையில வரும். மூணாவது அணி சுத்துப்பாதை, முடியாதவங்களுக்கு டோலி. யாரை எதுல போடறதுன்னுதான் கஷ்டம். வாயால கேட்டா ஒருத்தரும் நிஜம் சொல்றதில்லை. இருமுறவன் எல்லாம் சிங்கம்கிறான். இடுப்புல குடம் தூக்கற பொம்பளை, எனக்கு முடியாதுங்கிறா."

அதனால் எத்திராஜ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதல்நாள் சாயங்காலமே எண் போட்ட சீட்டை வீட்டுக்கு வீடு அனுப்பிவிடுவார். விடிகாலை ஐந்து மணிக்கு அம்பத்தூரில் நடக்கத் தொடங்க வேண்டும். பூந்தமல்லியில் பஷீர் அகமதுவின் அத்தர் கடை எல்லை. ஏழு மணிக்குள் வந்தவர் சீட்டிலும் மணிக்கட்டிலும் மல்லிகை அத்தர். எட்டு மணி வரை ரோஜா. அதற்குப் பிறகு வெட்டிவேர். மூன்று வாசனை, மூன்று அணி. பென்சிலில் நேரம் எழுதினால் அழித்து எழுதுவான். அத்தரை எப்படி அழிப்பான் என்பது எத்திராஜின் கணக்கு.

"கடையில நீங்க இருந்தீங்களா?"

"இல்லை சார். கடைசியா வர்றவங்களோட நடக்கறதுதான் என் வழக்கம். மலையிலயும் அப்படித்தான். யாரும் பின்னால விழுந்துடக் கூடாது."

வீரராகவன் அவர் கொண்டுவந்த தபால் கார்டை நாகேந்திரனிடம் தள்ளினார். "சத்தமா படி."

நாகேந்திரன் படித்தான். "ஐயா, வெள்ளிக்கிழமை புறப்படும் முதல் அணியில் நெஞ்சு நோவு உள்ள ஒருவர் இருக்கிறார். அந்த எட்டு மைலை அவர் நடக்கவில்லை. செங்குத்துப் பாதையில் அவரை ஏற்றாதீர்கள். ஏற்றினால் உயிரோடு இறங்கமாட்டார்."

கையெழுத்து இல்லை. அவர் என்றால் எவர் என்பதும் இல்லை.

"நேத்து சாயங்காலம் வந்தது," என்றார் எத்திராஜ். "பன்னெண்டு பேரையும் போய்க் கேட்டேன். பன்னெண்டு பேரும் மாரைத் தட்டிக் காட்டினாங்க. முதல் அணியை நிறுத்தினா, நாளைக்கு வர்ற இருபது சொச்சம் பேருக்குச் சோறும் இல்லை, தண்ணியும் இல்லை. பொம்பளைங்க, வயசானவங்க. அனுப்பினா ஒருத்தர் உயிர். பதினொண்ணே முக்காலுக்குப் பாசஞ்சர்."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபது.

பெயர்ப் பட்டியலை எத்திராஜ் நீட்டினார். வீரராகவன் பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நாகேந்திரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சீட்டைக் கொடுத்தவன் பரந்தாமன். கள்ளிக்குப்பத்துச் சிநேகிதன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "மாமே, காலையில எனக்கு எழுந்துக்க முடியாது, எனக்குப் பதிலா நீ நடந்துடு, பூந்தமல்லியில பிரியாணி," என்றான். பரந்தாமனுக்கு மார்பு கதவு மாதிரி. சோம்பேறித்தனத்தைத் தவிர ஒரு வியாதி கிடையாது. ஆகவே கார்டில் சொல்லியிருக்கிற ஆள் வேறு யாரோ. இன்னொருவனும் ஏமாற்றியிருக்கிறான், அவ்வளவுதான். தன் கதையைச் சொல்வதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. நாகேந்திரன் இதை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு முன்பு ஓர் அச்சாபீசில் இருந்தான். வராத சிநேகிதனுக்காக ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அந்த வேலை போயிற்று. வேலைக்குச் சேர்த்த அன்று வீரராகவன் ஒன்றுதான் சொன்னார்: "என்கிட்ட ஒரு பொய்தான். அதோட சரி."

"வண்டி பிடி," என்றார் இப்போது. "அத்தர் கடைக்காரர் மணிக்கட்டுகளைப் பார்த்திருக்கார். சீட்டுக்கு ஆள் மாறலாம், மணிக்கட்டு மாறாது."

நாகேந்திரன் தன் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வேம்புலியின் ஜட்கா ஏரிக்கரையைத் தாண்டும்வரை வீரராகவன் கார்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எழுதினவங்க யாருக்குப் பயந்தாங்க?"

"கோர்ட்டு கேஸுன்னு ஆயிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துருப்பாங்கோ," என்றான் வண்டிக்கார வேம்புலி, கேட்காமலே.

"பயந்தவன் தன் பேரை மறைப்பான். சரி. அந்த ஆள் பேரை ஏன் மறைக்கணும்? அவன் மேல ஏறக் கூடாதுன்னுதானே கார்டே. பேரைப் போட்டிருந்தா ஒரு வரியில வேலை முடிஞ்சுது."

"பேரு மறந்துபோயிருக்கும் சார்," என்றான் நாகேந்திரன்.

"நெஞ்சு நோவு ஞாபகம் இருக்கு. நடக்காதது ஞாபகம் இருக்கு. எந்த அணி, எந்தக் கிழமை எல்லாம் ஞாபகம் இருக்கு. பேர் மட்டும் மறந்துடுச்சு." கார்டை மடியில் வைத்தார். "விரோதியா இருந்தா பேரைக் கொட்டை எழுத்துல போடுவான். சிநேகிதனும் போடுவான். 'அவர்', 'அவரை'ன்னு மரியாதை மட்டும் குறையலை."

"குதிரைக்குக் கூட இம்மாம் மரியாதை நான் குடுத்ததில்லீங்க," என்றான் வேம்புலி.

"அது உன் குதிரையைப் பார்த்தாலே தெரியுது அண்ணாத்தே," என்றான் நாகேந்திரன். வாய் தானாகப் பேசியது. வலது கை மட்டும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

திருவேற்காடு தாண்டி ஆற்று மணலில் சக்கரம் புதைந்தபோது மூவரும் இறங்கித் தள்ளினார்கள். பூந்தமல்லிக் கடைத்தெருவில் வண்டி நின்றபோது ஒன்பது அடித்துவிட்டது.

பஷீர் அகமதுவின் கடை ஒரு அலமாரி அகலம். அவருடைய இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் நாகேந்திரனுக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்த அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. இவரால் முகத்தை அடையாளம் சொல்ல முடியாது.

குரலைச் சொல்ல முடியும்.

அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டு வாசல் ஓரமாக நின்றான்.

"வாங்க, வாங்க. ரெண்டு பேரா?" என்றார் பஷீர். "கூட வந்தவரு பேசமாட்டாரா?"

"வழக்கமா நிறுத்தமாட்டான்," என்றார் வீரராகவன். திரும்பி ஒரு தரம் பார்த்தார். "தொண்டை கட்டிக்கிச்சு போல."

நாகேந்திரன் தலையை ஆட்டினான். உள்ளே தொங்கிய திரை லேசாக அசைந்தது. அதற்குப் பின்னால் பஷீரின் மகள் நஜ்மா இருந்தாள். வருகிறவர் சீட்டைத் திரைக்குள் நீட்டினால் அவள் எண்ணைப் படித்துச் சொல்வாள்; வாப்பா அத்தர் வைப்பார். இதை விளக்கிய பிறகு பஷீர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ஏழுக்குள்ள வந்தது பன்னெண்டு பேரு. எல்லார் கையையும் நான்தான் புடிச்சேன். ரெண்டு பேரு கை கலப்பை புடிச்ச கை. ஒருத்தருக்குச் சுண்டுவிரல் பாதிதான். ஆறேமுக்காலுக்கே மொதல்ல வந்தாரு பாருங்க, பதினேழு. அவரை மறக்க முடியாது சார்."

"ஏன்?"

"சிரிக்கவெச்சுக் கொன்னுட்டாரு. கையில தடவுனேன். 'இன்னும் கொஞ்சம் தடவுங்க பாய், எங்க மொதலாளிக்கும் சேத்து நான்தான் மோந்துகினு கீறேன்'னாரு. ஏம்ப்பா, உங்க மொதலாளிக்கு மூக்கு இல்லியான்னு கேட்டேன்." பஷீருக்கு அதற்குள் தோள் குலுங்கியது. "'கீது பாய், கண்ணாடி மாட்டிக்கறதுக்கு'ன்னாரு."

திரைக்குப் பின்னால் நஜ்மாவும் சிரித்தாள். பஷீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீரராகவன் கண்ணாடியைக் கழற்றினார். வேஷ்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கை எப்படி இருந்தது?"

"மெத்துன்னு இருந்துச்சு சார். மூட்டை தூக்கின கை இல்ல, மம்பட்டி புடிச்ச கையும் இல்ல. பேனா புடிக்கிற கை."

"நல்லது பாய். ரொம்ப உபகாரம்."

"அந்த மொதலாளியைப் பாத்தீங்கன்னா ஒரு சலாம் சொல்லுங்க. பாவம்."

"சொல்லிடறேன்," என்றார் வீரராகவன்.

வண்டி திரும்பி அரை மைல் வந்ததும் வீரராகவன் கேட்டார்.

"யாருக்காக நடந்தே?"

நாகேந்திரன் வண்டியின் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமை, பிரியாணி, பரந்தாமன். "அவனுக்கு ஒரு நோவும் இல்ல சார். எருமை மாதிரி கீறான். அதனாலதான் சொல்லல. கார்டுல சொன்ன ஆளு வேற யாரோன்னு..."

"காலையிலேயே சொல்லியிருந்தா பதினாறு மைல் மிச்சம். குதிரைக்காவது." பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார். "படி."

நாகேந்திரன் விரலால் தேடினான். பரந்தாமன் என்ற பெயர் பன்னிரண்டில் எங்கும் இல்லை. 17 என்ற எண்ணுக்கு நேரே எத்திராஜின் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தது: லோகநாதன், ரைஸ்மில், கள்ளிக்குப்பம்.

"பரந்தாமனுக்கு எங்கே வேலை?"

"லோகநாதன் மில்லுலதான் சார். அக்கா புருஷன்." விரல் அந்தப் பெயர்மேலேயே நின்றது. "அவரு இவனை நடக்கச் சொல்லியிருக்காரு. இவன் என்னை..."

"ஒருத்தன் மானத்துக்கு, ஒருத்தன் தூக்கத்துக்கு, ஒருத்தன் பிரியாணிக்கு. இப்போ சொல்லு. கார்டில ஏன் பேர் இல்லை?"

நாகேந்திரனுக்குக் கள்ளிக்குப்பத்து வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. பரந்தாமனுடைய அக்கா கன்னியம்மாள். எட்டாவது வரை படித்தவள். கூடத்தில் கடுதாசி எழுதுவது, படிப்பது எல்லாம் அவள்தான். கணவனைக் கூப்பிட வேண்டுமானால், "இதோ பாருங்க," என்பாள். யாராவது அவர் பெயரைக் கேட்டால் தம்பியைப் பார்ப்பாள்; அவன் சொல்வான்.

"அக்கா," என்றான்.

"நோயை எழுதலாம். புரட்டை எழுதலாம். சாவைக்கூட எழுதிட்டாங்க. புருஷன் பேரை எழுத முடியலை." வீரராகவன் வெளியே பார்த்தார். "எனக்கு ஆற்று மணல்லயே பாதி தெரிஞ்சுது. பன்னெண்டு பேர்ல எந்த வீட்டம்மாவுக்கு எழுதத் தெரியும்னு மாஸ்டரைக் கேட்டிருந்தாலே போதும். அத்தர் கடை வரைக்கும் போனது அவருக்குப் பதிலா நடந்தது யார்னு தெரிஞ்சுக்க."

நாகேந்திரன் பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். சென்ற மாதம் மில்லில் லோகநாதன் பேசிக்கொண்டே பாதியில் நிறுத்தித் தூணைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறான். வெயில் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது சந்தோஷமாகத்தான் நடந்தான். விசில் அடித்துக்கொண்டு, எல்லாரையும் முந்திக்கொண்டு. ஒவ்வொரு மைலும் அந்த மனிதரை மலைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறது.

"வேம்புலி அண்ணாத்தே, கொஞ்சம் வேகமா ஓட்டு," என்றான்.

"இதுக்கு மேல ஓட்டுனா நாமதான் இழுக்கணும்."

ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பதினொன்று இருபத்தைந்து.

பிளாட்பாரத்தில் மூட்டைகள் குவிந்திருந்தன. பதினொரு பேர் சிரிப்பும் சத்தமுமாக நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள் புதுக் கான்வாஸ் ஜோடு போட்டு, கையில் மூங்கில் தடியோடு, அவர்களுக்கு முன்னால் நின்றார். லோகநாதனுக்கு நாற்பத்தெட்டு வயது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. இத்தனை நாள் அது நாகேந்திரன் கண்ணில் படவே இல்லை. பக்கத்தில் பரந்தாமன் பையைச் சுமந்தபடி தரையைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளிக் கன்னியம்மாள், கையில் தண்ணீர்க் கூஜா.

எத்திராஜ் ஓடிவந்தார். "தெரிஞ்சுதா சார்?"

வீரராகவன் திரும்பி நாகேந்திரனைப் பார்த்தார்.

"பதினேழாம் நம்பரை நான் நடந்தேன் மாஸ்டர்," என்றான் நாகேந்திரன். "அவரு நடக்கல."

சிரிப்புச் சத்தம் நின்றது.

"இன்னாடா உளர்றே?" என்றார் லோகநாதன்.

"உளறல சார். பூந்தமல்லியில கையை நீட்டினது நான்."

எத்திராஜ் வீரராகவனிடமிருந்து பட்டியலை வாங்கினார். லோகநாதன் தடியை ஊன்றிக்கொண்டார். மறுத்துப் பேசவில்லை. "எங்க மாமியார் அன்னம்மாளுக்கு அறுபது வயசு," என்றார். "கீரைக் கூடை தூக்கின காலு. ஏழரைக்கே போயி ரோஜா வாங்கினு வந்துடுச்சு. ஊடு பூரா மணக்குது. நான் மூணாம் அணியில டோலியில குந்திகினு போவணும், அது ரெண்டாம் அணியில நடந்து ஏறி, மேலே எனக்குத் தண்ணி குடுக்கணும். அதான?"

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டான்.

"நெஞ்சு நோவு இருக்கா, இல்லையா?" என்று எத்திராஜ் கேட்டார்.

லோகநாதனின் முகம் மாறியது. "அது யார் சொன்னது?"

"கார்டு வந்தது."

"கார்டா. எவன் எழுதினது? என் ஊட்டு விசயம் எவனுக்குத் தெரியும்?" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "எழுதத் தெரிஞ்சவ ஊட்ல ஒருத்திதான் கீறா."

கன்னியம்மாள் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். தலை குனியவில்லை. ஆனால் முகத்தில் ரத்தம் இல்லை. பதினொரு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கார்டும் நான்தான் எழுதினேன்," என்றான் நாகேந்திரன்.

"நீயா? உனக்கு எப்படிரா தெரியும்?"

"பரந்தாமன் சொன்னான்."

பரந்தாமன் தலையைத் தூக்கினான். நாகேந்திரனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "சொன்னேன் மாமா."

"எப்போ?"

"சனிக்கிழமை," என்றான் நாகேந்திரன் முந்திக்கொண்டு.

சொன்ன பிறகுதான் அது என்ன சொல் என்று உறைத்தது. லோகநாதன் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"சனிக்கிழமையே தெரியும். தெரிஞ்சுகினே ஞாயித்துக்கிழமை எனக்காக நடந்தே."

எத்திராஜ் அவனைப் பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. இல்லை என்று சொல்லலாம். சொன்னால் கார்டு அவன் எழுதியதாக இருக்க முடியாது.

"ஆமா சார். தெரிஞ்சுதான் நடந்தேன். அப்புறம் பயமா போச்சு. எழுதிட்டேன்."

அறை விழுந்தது. பலமே இல்லாத அறை. கையை ஓங்கினதிலேயே அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது. அதுதான் வலித்தது.

"என் ஊட்டு வாசல்ல இனிமே உன்னைப் பாத்தேன்னா..." லோகநாதனால் அதை முடிக்க முடியவில்லை.

எத்திராஜ் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். தூரத்தில் ரயில் கைகாட்டி இறங்கியது.

"ஆள் ஒண்ணு குறையுதே மாஸ்டர்," என்றார் வீரராகவன். "இவனைக் கூட்டிட்டுப் போங்க."

"இவனை நம்பி நான் எப்படி சார் மலை ஏத்தறது?"

"எட்டு மைலை ஒண்ணேமுக்கால் மணியில நடந்த கால். காலை நம்பலாம். மத்ததை உங்க இஷ்டம்." பிறகு நாகேந்திரனிடம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொய்தான்னு சொல்லியிருந்தேன்."

"ரெண்டு ஆயிடுச்சு சார்."

"எனக்கு எண்ணத் தெரியும்," என்றார். வேலை இருக்கிறதா போயிற்றா என்று நாகேந்திரன் கேட்கவில்லை.

பரந்தாமன் கீழே வைத்திருந்த தன் பையை எடுக்க லோகநாதன் குனிந்தார். நாகேந்திரனின் கை அனிச்சையாக நீண்டது. "தொடாதே," என்றார். பரந்தாமன் நீட்டிய கையையும் தட்டிவிட்டார். கன்னியம்மாள் வந்து பையைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது நாகேந்திரனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதில் நன்றி இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தனக்கு அது சேராது என்று மட்டும் தெரிந்தது. தெரிந்தே நடந்தேன் என்று சொன்னது பொய். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்தும் வெயில் என்று நினைத்தது பொய்யில்லை.

ரயில் உள்ளே வந்து நின்றது. ஆட்கள் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

பிளாட்பாரத்திலிருந்து ஜட்கா நிற்கும் இடம் வரை நூறு அடி இருக்கும். சரிவு கூடக் கிடையாது. லோகநாதன் அதற்குள் இரண்டு தடவை நின்றார். முதல் தடவை தடியை ஊன்றி, ரயிலைப் பார்ப்பது போல நின்றார். இரண்டாவது தடவை பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அத்தனை பேர் முன்னால், பட்டப்பகலில், கையை நீட்டி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நாகேந்திரன் குனிந்து, மிச்சமிருந்ததில் பெரிய மூட்டையாகப் பார்த்துத் தூக்கினான்.